ஜப்பான் பேய்களிடம் நடந்துகொள்ளும் முறை

ஜப்பானுக்குப் புறப்படுகிறவர்கள் எலுமிச்சம்பழத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகவும். தாவர நோய்த் தடுப்புச் சான்றிதழ் இல்லாத பச்சைக் காய்கனிகளை விமான நிலையத்திலேயே பிடுங்கிக்கொள்வார்கள். வேப்பிலைக்கும் அதே கதிதான். விபூதியை யாரும் தடுக்கப் போவதில்லை, ஆனால் பலன் இருக்குமென்று சொல்ல முடியாது. அந்த ஊர்ப் பேய்கள் பெரும்பாலும் சட்டதிட்டத்துக்குக் கட்டுப்பட்டவை. விதி தெரிந்தவரைத் தொடாது, தெரியாதவரை விடாது. ஆகவே மந்திரவாதி தேடி அலைவதைவிட இதை ஒருமுறை படித்துவிட்டு விமானம் ஏறுவது மலிவு.

எதிரே நிற்பது எந்த இனம் என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளை உடை, விரித்த கூந்தல், நெற்றியில் முக்கோணத் துணி, இடுப்புக்குக் கீழே வெறும் புகை என்றால் அது யூரெய், செத்தவரின் ஆவி. கால் இல்லாமல் போனதற்கு 18ஆம் நூற்றாண்டு ஓவியர் மருயாமா ஓக்யோவைக் காரணம் காட்டுவார்கள். அவர் அப்படி வரைந்தார், பிறகு வந்த பேய்களும் அதே பாணியைப் பிடித்துக்கொண்டன. வரும் நேரம் நள்ளிரவு தாண்டி 2 மணி முதல் இரண்டரை வரை. யூரெய்க்குக் குறிப்பிட்ட ஓர் ஆளிடம் தீராத கணக்கு இருக்கும். அந்த ஆள் நீங்கள் இல்லையென்றால் ஒதுங்கி வழிவிடுங்கள். நீங்கள்தான் என்றால் எந்தக் கையேடும் உதவாது.

நாடகக்காரர்களுக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. 1825இல் மேடையேறிய ‘யோட்சுயா கைதான்’ நாடகத்தில், கணவனின் துரோகத்தால் முகம் சிதைந்து சாகிறாள் ஒய்வா. அந்த நாடகத்தைப் போடுகிறவர்கள் இன்றும் டோக்கியோவில் அவள் பெயரால் இருக்கும் கோவிலுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார்கள். அனுமதி கேட்டுக்கொண்டால் ஒய்வாவுக்கு ஆட்சேபம் இல்லை.

மற்றவையெல்லாம் யோகாய். ஆறு, மலை, பழைய குடை, குளியலறை அழுக்கு என்று எதிலிருந்தும் கிளம்பும். 1776இல் தொரியாமா செகியென் என்ற ஓவியர் இவற்றைப் படம்போட்டுத் தொகுக்க ஆரம்பித்தார். புத்தகம் நன்றாகப் போனது. தொடர்ந்து தொகுதி தொகுதியாக வெளியிட வேண்டியிருந்ததால் பக்கம் நிரப்பச் சிலவற்றை அவரே பெற்றெடுத்துவிட்டார் என்று ஆய்வாளர்கள் சந்தேகப்படுகிறார்கள். பத்திரிகைத் தொழிலில் இருப்பவர்கள் இதைக் குற்றமாகப் பார்க்க மாட்டார்கள்.

இரவில் தனியாக நடக்கும்போது

பின்னால் காலடி ஓசை கேட்கிறது. திரும்பினால் ஆள் இல்லை. நடந்தால் மறுபடி கேட்கிறது. நாரா பக்கத்தில் இதற்குப் பெத்தோபெத்தோ-சான் என்று பெயர். ஓடக் கூடாது, கத்தக் கூடாது. சாலையோரமாக ஒதுங்கி நின்று, “பெத்தோபெத்தோ-சான், நீங்கள் முன்னால் போங்கள்” என்று சொல்ல வேண்டும். அது போய்விடும். இவ்வளவுதான் வைத்தியம். மின்தூக்கி வாசலில் பக்கத்து வீட்டுக்காரரிடம் காட்டும் மரியாதையை இருட்டிலும் காட்டினால் போதும்.

நடந்துகொண்டிருக்கும்போதே முன்னால் சுவர் எழுப்பியதுபோல் பாதை அடைத்துக்கொண்டால் அது நுரிகாபே. கண்ணுக்குத் தெரியாது, கையால் தள்ளினால் அசையாது. மேல்பக்கம் எவ்வளவு அடித்தாலும் வீண். ஒரு குச்சியால் கீழ்ப்பக்கத்தைத் துழாவினால் மறைந்துவிடும் என்று கியூஷு தீவின் ஃபுகுவோகா வட்டாரத்தில் சொல்வார்கள். இதைச் சிரித்துத் தள்ளுகிறவர்கள் மிசுகி ஷிகெருவின் அனுபவத்தைக் கேட்க வேண்டும். ‘கெகெகெ நோ கிதாரோ’ படக்கதையால் நாட்டின் பிள்ளைகளுக்கெல்லாம் யோகாய்களை அறிமுகப்படுத்தியவர் அவர். இரண்டாம் உலகப் போரில் தென் பசிபிக்கின் ராபாவுல் பகுதிக்கு அனுப்பப்பட்டு, குண்டுவீச்சில் இடது கையை இழந்தவர். காட்டில் எதிரிக்குத் தப்பி இருட்டில் ஓடும்போது ஏதோ ஒன்று சுவராக வழிமறித்ததாகவும், அது நுரிகாபே என்று பின்னால் புரிந்ததாகவும் எழுதியிருக்கிறார். 2015இல், 93 வயதில் காலமானார். அவர் வளர்ந்த சகாய்மினாதோ துறைமுக ஊரில் ஒரு சாலை முழுக்க யோகாய்களின் வெண்கலச் சிலைகள், மொத்தம் 170க்கும் மேல். பேய்களைப் பகல் வெளிச்சத்தில் பார்த்துப் பழக நினைக்கும் கோழைகளுக்கு நான் பரிந்துரைப்பது இந்த ஊரைத்தான்.

டோக்கியோவின் அகாசகா பக்கம் கினோகுனிசகா என்றொரு சரிவுச் சாலை உண்டு. அங்கே அகழி ஓரமாக ஒரு பெண் குனிந்து அழுதுகொண்டிருந்தால் ஆறுதல் சொல்லப் போகாதீர்கள். திரும்புவாள். முகத்தில் கண் இல்லை, மூக்கு இல்லை, வாய் இல்லை, உரித்த முட்டை. லஃப்காடியோ ஹெர்ன் 1904இல் வெளியிட்ட ‘க்வைதான்’ நூலில் வரும் வியாபாரி இதைப் பார்த்து ஓடினார். அதுவரை அவர் செய்தது சரி. தூரத்தில் விளக்கோடு நின்ற சோபா நூடுல்ஸ்காரரிடம் மூச்சிரைக்க நடந்ததைச் சொன்னதுதான் பிழை. “அவள் காட்டியது இப்படி இருந்ததா?” என்று நூடுல்ஸ்காரர் தன் முகத்தை ஒரு தடவு தடவிக் காட்டினார். அங்கேயும் ஒன்றுமில்லை. விளக்கும் அணைந்தது. எனவே ஓடுங்கள், ஆனால் முதலில் கண்ணில் படுகிற ஆளிடம் எதையும் சொல்லாதீர்கள். வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம்.

ஆளை மயக்கும் நரிக்கும், தனுகி என்ற நரிபோன்ற காட்டு விலங்குக்கும் ஒரே மருந்து. எச்சிலைத் தொட்டுப் புருவத்தில் தடவிக்கொண்டால் அவற்றின் மாயம் பலிக்காது.

“நான் அழகா?” என்று கேட்டால்

இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் திண்டாடும் கணவன்மார்களும் இந்தப் பகுதியைப் படிக்கலாம்.

1978 கடைசியில் கிஃபு மாநிலத்தில் ஒரு பேச்சு கிளம்பியது. முகக்கவசம் அணிந்த ஒரு பெண் பள்ளிப் பிள்ளைகளை வழிமறித்து “நான் அழகா?” என்று கேட்கிறாளாம். ஆமாம் என்றால் கவசத்தைக் கழற்றுவாள். வாய் இரு காதுவரை கிழிந்திருக்கும். “இப்போதும் அழகா?” என்று அடுத்த கேள்வி. இல்லை என்றாலும் கத்தி, ஆமாம் என்றாலும் கத்தி. குச்சிசாகே-ஒன்னா என்ற இந்தக் கிழிந்த வாய்ப் பெண், தொலைக்காட்சியோ செய்தித்தாளோ ஆரம்பித்து வைக்காமலே, டியூஷன் போகும் பிள்ளைகளின் வாய்வழியாக 1979 கோடைக்குள் நாடு முழுக்கப் பரவிவிட்டாள். பல ஊர்களில் பள்ளிகள் பிள்ளைகளைக் கூட்டமாக வீட்டுக்கு அனுப்பின, போலீஸ் ரோந்து போனது. ஹிமெஜி நகரில் வேடிக்கைக்காக அந்த வேடம் போட்டுக்கொண்டு கத்தியோடு திரிந்த ஒரு பெண் கைதானார்.

ஓடித் தப்ப முடியாது. அவள் 100 மீட்டரை 6 விநாடியில் கடப்பாள் என்று சில பிள்ளைகளும், 3 விநாடி என்று மற்றவர்களும் சாதித்தார்கள். அப்போதைய உலகச் சாதனையே 9.95 விநாடிதான்.

தப்பும் வழிகளையும் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள், பெரியவர்களால் ஒன்றும் ஆகவில்லை. முதல் வழி, “பரவாயில்லை, சுமார்தான்” என்று சொல்வது. அழகு என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இந்தப் பதிலுக்கு என்ன செய்வதென்று அவளுடைய விதியில் இல்லை. அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் கிளம்பிவிடலாம். இரண்டாவது, “பொமேடு, பொமேடு, பொமேடு” என்று மூன்று முறை சொல்வது. அவள் வாயைக் கிழித்த அறுவை மருத்துவர் தலையில் பூசியிருந்த பொமேடு என்ற முடிப்பசையின் நெடி அவளுக்கு ஆகாதாம். மூன்றாவது, பெக்கோ-அமே என்ற மிட்டாயை வீசுவது. சர்க்கரைப் பாகைத் தேன்நிறத்தில் காய்ச்சி உறையவைத்தது அது. அவள் குனிந்து பொறுக்குவாள்.

என் தேர்வு முதல் வழிதான். மிட்டாய் தீர்ந்துபோகும், பொமேடு என்ற சொல் அவசரத்துக்கு வராது. ஒரு சிக்கல் என்னவென்றால், பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை ஊசியிலை மரங்களின் மகரந்த ஒவ்வாமைக்காக ஊரில் பாதிப்பேர் முகக்கவசத்தோடு திரிகிறார்கள். கேள்வி கேட்கும்வரை யார் யாரென்று தெரியாது.

கழிப்பறை

பள்ளிக்கூடம், மூன்றாம் மாடி, பெண்கள் கழிப்பறை, மூன்றாவது கதவு. மூன்று முறை தட்டி “ஹனாகோ-சான், இருக்கிறீர்களா?” என்று கேட்டால் “இருக்கிறேன்” என்று பதில் வரும். வழி எளிது: தட்டாதீர்கள்.

தானாகக் குரல் கொடுக்கும் இன்னொன்று உண்டு. “சிவப்புக் காகிதம் வேண்டுமா, நீலக் காகிதம் வேண்டுமா?” சிவப்பு என்றால் ரத்தத்தில் குளிப்பாட்டும். நீலம் என்றால் உடம்பு நீலம் பாரிக்கும்வரை ரத்தத்தை உறிஞ்சிவிடும். புத்திசாலித்தனமாக வேறு நிறம் கேட்டவர்களும் உருப்படவில்லை. எதுவும் வேண்டாம் என்பதே சரியான விடை என்று சில பள்ளிகளில் சொல்லிக்கொள்கிறார்கள். தமிழர்களுக்கு இதில் கூடுதல் வசதி. “காகிதமே வேண்டாம், தண்ணீர் இருக்கிறது” என்று உண்மையையே சொல்லலாம். ஜப்பானியக் கழிப்பறைகளில் இப்போது அதற்கான குழாய் இருக்கையிலேயே வந்துவிட்டது.

இதையெல்லாம் நம்பாதவர்களுக்கு இனோவே என்ரியோ என்ற தத்துவ அறிஞர் துணை. இன்றைய தோயோ பல்கலைக்கழகத்துக்கு வித்திட்ட பள்ளியை 1887இல் தொடங்கியவர். பேய் நம்பிக்கையை ஒழிக்க ஊர் ஊராகப் போய்ச் சொற்பொழிவாற்றினார். கொக்குரி-சான் என்ற ஆவி விளையாட்டில் முக்காலி ஆடுவது ஆவியால் அல்ல, கை வைத்திருப்பவர்களின் தசைகள் அவர்கள் அறியாமலே அசைவதால் என்று விளக்கினார். ஒழிப்பதற்காக அவர் திரட்டிய கதைகள் மலையாகக் குவிந்தன. மக்கள் அவருக்குக் கொடுத்த பட்டம் ‘யோகாய் டாக்டர்’. டோக்கியோவின் நகானோ பகுதியில் அவர் அமைத்த தத்துவப் பூங்காவின் வாயிலில் துவாரபாலகர் நிற்க வேண்டிய இடத்தில் தெங்கு என்ற நீளமூக்கு யோகாய் ஒன்றும் ஒரு யூரெய்யும் நிற்கின்றன.

வாடகை வீடு

வாடகை அந்த வட்டாரத்தில் இல்லாத அளவுக்குக் குறைவாக இருந்தால் சந்தோஷப்படாதீர்கள். முன்பு குடியிருந்தவர் அங்கே கொலையுண்டோ தற்கொலை செய்துகொண்டோ இருக்கலாம். ஜப்பான் அரசு 2021 அக்டோபரில் இதற்கென்றே வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. அதன்படி வாடகை வீடு என்றால் ஏறத்தாழ 3 ஆண்டுகள் வரை தரகர் தாமாகவே சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு சொல்லாமல் இருக்கலாம். ஆனால் நீங்கள் கேட்டால், எத்தனை ஆண்டு ஆகியிருந்தாலும் தெரிந்ததைச் சொல்லியாக வேண்டும். ஆகவே வாய்விட்டுக் கேளுங்கள். இந்தப் பகுதியில் கேலி எதுவும் இல்லை.

குடியேறிய பிறகு குளியலறையைத் தேய்த்துக் கழுவுங்கள். தொட்டியின் அழுக்கை நாக்கால் நக்கித் தின்னும் அகானமே இரவில் வரும். யாருக்கும் தீங்கு செய்ததாக வரலாறு இல்லை. ஆனாலும் வந்ததென்று அக்கம்பக்கத்தில் தெரிந்தால் மானம் போகும். சாயங்கால வேளையில் பூசணித் தலையோடு ஒரு கிழவர் தன் வீடுபோல உள்ளே வந்து உட்கார்ந்து தேநீர் குடித்தால் அவர் நுராரிஹ்யோன். உறவினர் என்று நினைத்துவிடாதீர்கள்.

விரட்டக் கூடாத ஒன்றும் இருக்கிறது. வடகிழக்கே இவாதே மாநிலத்து வீடுகளில் ஐந்தாறு வயதுக் குழந்தை ஒன்று தென்படும். ஆளில்லாத அறையில் காகிதம் சரசரக்கும், தாழ்வாரத்தில் குடுகுடுவென்று ஓடும் சத்தம் கேட்கும். ஸாஷிகி-வராஷி. அது இருக்கும்வரை வீட்டில் செல்வம் கொழிக்கும், கிளம்பிப்போனால் குடி கெடும். யானகிதா குனியோ 1910இல் வெளியிட்ட ‘தோனோ மோனோகதாரி’யில் ஒரு பணக்கார வீடு வருகிறது. ஊரார் ஒருவர் பாலத்தருகே பார்த்திராத இரண்டு சிறுமிகளைச் சந்திக்கிறார். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டதற்கு அந்த வீட்டுப் பெயரைச் சொல்கிறார்கள், இனி வேறு ஊர் வீட்டுக்குப் போகிறோம் என்கிறார்கள். பிறகு அந்த வீட்டில் இருபது சொச்சம் பேர் விஷக் காளான் தின்று ஒரே நாளில் செத்தார்கள். ஏழு வயதுப் பெண் ஒருத்திதான் மிஞ்சினாள்.

ஆகவே சத்தம் போடுகிறதென்று அதட்டாதீர்கள். சிவப்புப் பயறு கலந்த சோறு வையுங்கள். நினோஹே ஊரின் கிண்டாய்ச்சி வெந்நீர் ஊற்றுப் பகுதியில் ரியோகுஃபூசோ என்ற விடுதி இந்தக் குழந்தைக்காகவே பேர்போனது. பார்க்க வந்தவர்கள் விட்டுப்போன பொம்மைகள் அறை முழுக்கக் குவிந்திருந்தன. 2009இல் விடுதி எரிந்துபோய், திரும்பக் கட்டி 2016இல் திறந்தார்கள். எரிந்த அன்று குழந்தை எங்கே போயிருந்தது என்று அங்கே போய்க் கேட்பது நாகரிகமல்ல.

பழைய சாமான்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு பொருளுக்கு நூறு வயதானால் உயிர் வந்துவிடும். ஒற்றைக் கண், ஒற்றைக் கால், தொங்கும் நாக்கோடு குதிக்கும் குடையை நீங்கள் படத்தில் பார்த்திருக்கலாம். இந்த வகைக்கு ட்சுகுமோகாமி என்று பெயர். பழைய ஓவியச் சுருள் ஒன்றின்படி, வருடக் கடைசிச் சுத்தத்தில் தெருவில் எறியப்பட்ட பாத்திரம் பண்டங்கள் ஆத்திரப்பட்டு உருமாறி மனிதர்களைப் பழிவாங்கின. 99 வருடத்தில் தூக்கிப்போட்டு விதியை ஏய்க்கப் பார்த்தவர்களுக்கும் அதே கதிதான். கடையில் வாங்கும் பிளாஸ்டிக் குடை நூறு மணி நேரமே தாங்காது என்பதால் அதற்குப் பயமில்லை.

தூக்கி எறியும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. பிப்ரவரி 8ஆம் தேதி டோக்கியோ அசகுசாவின் சென்சோஜி கோவில் வளாகத்துக்குப் போனால் பார்க்கலாம். ஒரு பெரிய தோஃபுக் கட்டி. கிமோனோ அணிந்த தையல்காரப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து, வருடம் முழுக்க வளைந்தும் முனை மழுங்கியும் போன ஊசிகளை அதில் செருகிவிட்டுக் கைகூப்புகிறார்கள். இத்தனை நாளும் முரட்டுத் துணியில் பாடுபட்ட ஊசிக்குக் கடைசியிலாவது மெத்தென்ற இடம். கொஞ்ச நேரத்தில் வெள்ளைக் கட்டி முள்ளம்பன்றி ஆகிவிடுகிறது. இப்படி அனுப்பிவைத்த ஊசி பழிவாங்க வந்ததாக நான் எங்கும் படித்ததில்லை.

கோடையில் நண்பர்கள் நூறு பேய்க்கதை சொல்லக் கூப்பிட்டால் போகலாம். நீலக் காகிதம் ஒட்டிய விளக்கில் நூறு திரி, கதைக்கு ஒன்றாக அணைப்பார்கள். 99இல் நிறுத்திவிடுவது மரபு. நிறுத்தாத கூட்டத்திலிருந்து 98இல் எழுந்துவிடுங்கள்.

ஆற்றங்கரை

கப்பா பத்து வயதுப் பையன் அளவு இருக்கும். அலகு, ஆமை ஓடு, விரலிடையில் சவ்வு. உச்சந்தலையில் தட்டுபோல் ஒரு குழி, அதில் தண்ணீர். அதன் பலமெல்லாம் அந்தத் தண்ணீரில். குதிரைகளையும் குளிக்க வருபவர்களையும் நீருக்குள் இழுக்கும். மனிதரின் ஆசனவாய்க்குள் ஷிரிகோதமா என்ற உருண்டை இருப்பதாகவும், அதை உருவி எடுத்துவிடும் என்றும் சொல்வார்கள். மருத்துவ நூல்களில் அந்த உறுப்பைத் தேடாதீர்கள்.

கப்பாவைச் சந்தித்தால் இடுப்பு வளையக் குனிந்து வணங்குங்கள். மரியாதைக்கு மரியாதை செய்யாமல் அதனால் இருக்க முடியாது. அதுவும் குனியும். தலைத் தண்ணீர் கொட்டிவிடும். துவண்டு உட்கார்ந்துவிடும். அப்போது அந்தக் குழியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிவிட்டால் ஆயுசுக்கும் நன்றியோடு இருக்கும். சிலர் இப்படித்தான் எலும்பு முறிவு வைத்தியம் கற்றுக்கொண்டார்களாம். சில குடும்பங்களில் கப்பா எழுதிக் கொடுத்த மன்னிப்புப் பத்திரம் இருப்பதாகவும் சொல்வார்கள். சுமோ மல்யுத்தத்துக்குக் கூப்பிட்டால் புத்தருக்குப் படைத்த சோற்றைச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள், கிட்டே வரத் தயங்கும். கட்டாயம் இறங்க வேண்டியிருந்தால் கையைப் பிடித்து இழுங்கள். இரண்டு கையும் உள்ளே ஒன்றாக இணைந்தவை. ஒன்றை இழுத்தால் மற்றது உள்ளே போய்விடும்.

வெள்ளரிக்காய் விஷயத்தில் மட்டும் நிபுணர்கள் ஒத்துப்போகவில்லை. குளிக்கப் போகுமுன் வெள்ளரி தின்றால் கப்பா தொடாது என்று ஒரு கட்சி, மணத்துக்கு ஓடிவரும் என்று இன்னொரு கட்சி. வெள்ளரியில் குடும்பத்தார் பெயரை எழுதி ஆற்றில் வீசிவிடுவது நடுவழி.

கப்பாவைப் பிடிக்க ஆசையுள்ளவர்கள் இவாதே மாநிலத்துத் தோனோவுக்குப் போக வேண்டும். அந்த ஊர்ச் சுற்றுலாச் சங்கம் புகைப்படம் ஒட்டிய கப்பா பிடிப்பு அனுமதிச் சீட்டு விற்கிறது. நிபந்தனைகள் கடுமை. உயிரோடு, காயமில்லாமல் பிடிக்க வேண்டும். தலைத் தண்ணீர் சிந்தக் கூடாது. உலோகக் கருவி கூடாது. இரை புதிய காய்கறியாக இருக்க வேண்டும். இடம், ஜோகென்ஜி கோவிலுக்குப் பின்னால் ஓடும் கப்பாபுச்சி ஓடை. மரநிழலில் முழங்கால் அளவு தெளிந்த நீர், கரையில் மூங்கில் கம்பு, நுனியில் கட்டித் தொங்கவிட்ட வெள்ளரிக்காய். பக்கத்தில் ஒரு சின்னக் கோவில். தாய்ப்பால் சுரக்க வேண்டிக்கொள்ளும் பெண்கள் சிவப்புத் துணியில் மார்பு வடிவில் தைத்து அங்கே வைத்துவிட்டுப் போகிறார்கள். ஜோகென்ஜியில் காவல் நாய்ச் சிலை ஒன்றின் தலையும் தட்டுபோல் குழிந்திருக்கும். கோவிலில் தீப்பிடித்தபோது கப்பா தலைத் தண்ணீரால் அணைத்ததற்கு நன்றிக்கடனாம். நீங்கள் போகும்போது அந்தக் குழியில் சில்லறை கிடந்தால் எடுக்க வேண்டாம்.

கடைசியாக ஒன்று. ஜப்பானில் குளம், கால்வாய், ஆற்று வளைவு என்று பல இடங்களில் கப்பா படம் வரைந்த பலகை நட்டிருப்பார்கள். கார்ட்டூன்போலச் சிரித்துக்கொண்டிருக்கும், கீழே ‘ஆபத்து, இங்கே விளையாடாதே’ என்று எழுதியிருக்கும். பிள்ளைகள் மூழ்கிச் சாகாமல் இருக்கத்தான் அந்தப் பலகை. இந்தக் கையேட்டில் எதை நம்பாவிட்டாலும் அதை நம்புங்கள். அந்தத் தண்ணீரில் இறங்காதீர்கள், உங்கள் பிள்ளைகளையும் இறங்கவிடாதீர்கள்.